நோயாளிகளின் 'அப்பா'

1917-ம் வருஷம். அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த கோனிக்ஷூட்டே என்ற சுரங்க ஊர். அங்கே ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாக வேலை பார்த்த லுட்விக் குட்மன் என்ற இளைஞரின் கண்ணெதிரே ஒரு சுரங்கத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். நல்ல ஆஜானுபாகு. முதுகெலும்பு முறிந்திருந்தது. குட்மன் அவனைப் பற்றிக் குறிப்பெழுதப் போனார். வீண் சிரமம் வேண்டாம், சில வாரங்களில் முடிந்துவிடும் என்று தடுத்துவிட்டார் பெரிய டாக்டர். அவர் சொன்னது பலித்தது. ஐந்தாவது வாரம் அவன் இறந்தான்.

குட்மன் அவனை மறக்கவேயில்லை. பிற்பாடு அவரே நரம்பு வைத்தியத்தில் பெயர் பெற்றார். ஆனால் அவர் யூதர். 1938 நவம்பர் 9-ம் தேதி இரவு, ஜெர்மனியெங்கும் நாஜிகள் யூதர்களை வேட்டையாடினார்கள். பிரெஸ்லோ நகரத்து யூத ஆஸ்பத்திரிக்கு அப்போது குட்மன்தான் தலைவர். யார் வந்து கதவைத் தட்டினாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் படுக்கையில் சேர்க்கும்படி உத்தரவிட்டார். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்து நின்றது. ஒவ்வொரு கட்டிலாக அழைத்துப் போய், ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதியைச் சொன்னார் டாக்டர்! அன்றிரவு சேர்த்த 64 பேரில் 60 பேர் தப்பினார்கள். வைத்திய சாஸ்திரம் இதைவிடப் புண்ணியமான பொய் சொன்னதுண்டா?

1939 மார்ச்சில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். யுத்தத்தில் முதுகெலும்பு ஒடிந்த சிப்பாய்களைக் கவனிக்க, 1944 பிப்ரவரி 1-ம் தேதி ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் ஒரு பிரிவை அவர் பொறுப்பில் திறந்தார்கள்.

இந்த நோயாளிகளைக் கொன்றது முறிந்த எலும்பு அல்ல. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால், ஒரே பக்கமாகக் கிடந்து சதை அழுகிவிடும். மூத்திரப்பையில் விஷம் ஏறும். இரண்டு மணிக்கு ஒரு தரம், இரவு பகல் பாராமல், நோயாளியைப் புரட்டிப் போடவேண்டும் என்பது குட்மனின் சட்டம். நர்ஸுகள் முணுமுணுத்தார்கள். அவரோ நடுநிசியில் வந்து நின்று பார்ப்பார்! கண்டிப்பான மனிதர்தான். ஆனாலும் நோயாளிகள் அவரை 'அப்பா' என்றுதான் அழைத்தார்கள்.

உயிர் பிழைத்தாயிற்று, அப்புறம்? கூரையைப் பார்த்தபடி கிடப்பதா? தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தார். பிறகு விளையாட்டு. முதலில் சக்கர நாற்காலியில் போலோ. அது அடிதடியாகிவிடவே, கூடைப்பந்துக்கு மாறினார்கள். வில்வித்தையில் அவருக்குத் தனிப் பிரியம். வில்லை இழுக்க இழுக்க முதுகும் தோளும் வலுப்பெறும். சாயாமல் உட்காரும் பழக்கமும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலுள்ளவனோடு சரிசமமாகப் போட்டியிடலாம்.

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் விழாவை மன்னர் துவக்கிவைத்த அதே தினம், ஆஸ்பத்திரிப் புல்தரையில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். 1952-ல் ஹாலந்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1960-ல் ரோமாபுரியில், 23 தேசங்களிலிருந்து 400 பேர்! இதுதான் பாராலிம்பிக்காக வளர்ந்தது. 1966-ல் குட்மனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1980 மார்ச்சில் காலமானார்.

நம் நாட்டுக்கு அந்தப் பந்தயத்தில் முதல் தங்கம் வாங்கித் தந்தவர் முர்லிகாந்த் பேட்கர். 1965 யுத்தத்தில் குண்டடி பட்ட சிப்பாய். அதற்கு முன்னே குத்துச்சண்டை வீரர். 1972-ல் ஹைடல்பர்க் நகரத்தில் 50 மீட்டர் தூரத்தை 37.33 வினாடியில் நீந்தி முடித்தார். சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன், சிறு வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார்.