பைத்தானில் அமைவுக் கோப்புகள்: படித்தலும் எழுதுதலும்

அமைவுக் கோப்பு என்பது, ஒரு நிரல் எப்படி இயங்க வேண்டும் என்பதை நிரலுக்கு வெளியே எழுதி வைக்கும் சிறிய உரைக்கோப்பு ஆகும். எழுத்தின் அளவு, தரவுத்தளம் இருக்கும் இடம், ஒரு நூலை எத்தனை நாள் கடன் தரலாம் என்பன போன்ற விவரங்கள் இடத்துக்கு இடம் மாறுபடும். இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலாளரைத் தேட வேண்டியிருக்கும். தனிக் கோப்பில் வைத்தால், நிரலாக்கம் தெரியாதவரும் அதைத் திறந்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கோப்புகளுக்கு ஐஎன்ஐ என்னும் வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. விண்டோஸ் 3.1 காலத்தில் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ ஆகிய கோப்புகள் வழியாக இது பலருக்கும் அறிமுகமானது. பின்னர் விண்டோஸ் தன் அமைவுகளை ரெஜிஸ்ட்ரிக்கு மாற்றிக்கொண்டது. ஆனாலும் இந்த வடிவம் மறையவில்லை. பிஎச்பி மொழியின் அமைவுக் கோப்பு, லினக்ஸின் சிஸ்டம்டி கோப்புகள், கிட் மென்பொருளின் அமைவு ஆகியவை இதையோ இதன் நெருங்கிய உறவையோ இன்றும் பயன்படுத்துகின்றன. ஐஎன்ஐ வடிவத்துக்கு அதிகாரபூர்வமான தரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று சில விதிகளை வைத்திருப்பதால், ஒன்றில் செல்லுபடியாகும் கோப்பு மற்றொன்றில் பிழை தரலாம்.

ஒரு நூலக நிரலின் அமைவுக் கோப்பு இப்படி இருக்கலாம்:

[நூலகம்]
பெயர் = வட்டார நூலகம்
கடன்_நாட்கள் = 14

[காட்சி]
; 12-க்குக் கீழே குறைத்தால் பழைய திரையில் எழுத்து தெளிவாக இல்லை
எழுத்தளவு = 14
இருள்_திரை = ஆம்

சதுர அடைப்புக்குள் இருப்பது பகுதியின் பெயர். சமக்குறிக்கு இடப்பக்கம் சாவி, வலப்பக்கம் மதிப்பு. அரைப்புள்ளி அல்லது # குறியுடன் தொடங்கும் வரி குறிப்புரை.

படித்தல்

பைத்தானின் செந்தர நூலகத்தில் இதற்கென கான்ஃபிக்பார்சர் என்னும் மாட்யூல் உள்ளது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதிலுள்ள கான்ஃபிக்பார்சர் வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி, ரீட் செயற்கூறிடம் கோப்பின் பெயரைத் தந்தால் போதும். அதன்பின், பைத்தான் அகராதியில் சொல்லைத் தேடுவது போலவே, பகுதியின் பெயரையும் சாவியையும் கொடுத்து மதிப்பைப் பெறலாம்.

வரும் மதிப்பு எப்போதும் சரமாகவே இருக்கும். மேலுள்ள கோப்பில் கடன் நாட்கள் 14 என்பது எண் அன்று, இரண்டு எழுத்துகள். முழு எண்ணாக வேண்டுமானால் கெட்இன்ட், பதின்மமாக வேண்டுமானால் கெட்ஃப்ளோட், ஆம்–இல்லை விடையாக வேண்டுமானால் கெட்பூலியன் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். இந்தக் கடைசி ஒன்றில் புதியவர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். பைத்தானின் பொதுவான பூல் செயற்கூறு, வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் உண்மை என்றே கொள்ளும். கோப்பில் ஃபால்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது உண்மையாகிவிடும். கெட்பூலியன் அப்படிச் செய்யாது. யெஸ், நோ, ஆன், ஆஃப், ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 ஆகிய எட்டையும் அவற்றின் பொருளோடு அது அறியும். தமிழில் ‘ஆம்’ என்று எழுதினால் பிழை தரும். ஆனால், பூலியன்_ஸ்டேட்ஸ் என்னும் அட்டவணையில் ஆம், இல்லை ஆகிய சொற்களைச் சேர்த்துவிட்டால் அவற்றையும் ஏற்றுக்கொள்ளும்.

குறிப்புரையைத் தனி வரியில் எழுதுவதே நல்லது. பைத்தான் 3.2 முதல், மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் எழுதும் குறிப்புரை இயல்பாக நீக்கப்படுவதில்லை. எழுத்தளவு 14 என்று எழுதி, பக்கத்திலேயே அரைப்புள்ளியிட்டு விளக்கம் எழுதினால் விளக்கமும் மதிப்பில் ஒட்டிக்கொள்ளும், கெட்இன்ட் தடுமாறும்.

ரீட் செயற்கூறுக்கு விந்தையான ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கோப்பு இல்லாவிட்டால் அது பிழை எதுவும் சொல்லாமல் அமைதியாகக் கடந்துவிடும். இது குறையன்று. கணினிக்குப் பொதுவான கோப்பு, பயனரின் சொந்தக் கோப்பு என்று பலவற்றை வரிசையாகத் தந்து, இருப்பதை மட்டும் படிக்கச் செய்வதற்காகவே இந்த ஏற்பாடு. பின்னால் படித்த கோப்பின் மதிப்பு முன்னதை மேலெழுதும். ஆயினும், கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் நிரல் வெறும் அமைவோடு ஓடத் தொடங்கும். வெற்றிகரமாகப் படித்த கோப்புகளின் பட்டியலை ரீட் திருப்பித் தருகிறது. அந்தப் பட்டியல் வெறுமையா என்று பார்ப்பது ஒரு வரி வேலைதான்.

புள்ளி செய்யும் கலகம்

தமிழில் அமைவுக் கோப்பு எழுதுவோர் குறிமுறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இன்று புழக்கத்தில் உள்ள பைத்தான் பதிப்புகள் விண்டோஸில் அந்தக் கணினியின் வட்டாரக் குறிமுறையை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்னும் பழைய குறிமுறை. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் மெய்ப்புள்ளி 224, 175, 141 என்னும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 1252 குறிமுறையில் 141-க்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே, புள்ளி வைத்த முதல் எழுத்திலேயே நிரல் நின்றுவிடும். லினக்ஸில் எழுதிச் சரிபார்த்த நிரல் நண்பரின் விண்டோஸ் கணினியில் ஓடாமல் போவதற்கு இது வழக்கமான காரணங்களில் ஒன்று. ரீட் செயற்கூறுக்கு என்கோடிங் என்னும் அளபுருவாக யூடிஎஃப்-8 என்று தந்துவிட்டால் சிக்கல் தீரும்.

நோட்பேடில் சேமித்த சில கோப்புகளின் தொடக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கும். அது முதல் பகுதியின் அடைப்புக்கு முன்னால் நிற்பதால், ‘பகுதித் தலைப்பு இல்லை’ என்று பைத்தான் முறையிடும். திரையில் தலைப்பு தெளிவாகத் தெரியும்போது இந்தப் பிழை குழப்பத்தையே தரும். குறிமுறையை யூடிஎஃப்-8-சிக் என்று தந்தால் அந்தக் குறியை நீக்கிவிட்டுப் படிக்கும்.

எழுதுதல்

எழுதுவது பார்ப்பதற்கு எளிது. மதிப்பை மாற்றி, கோப்பை எழுதும் முறையில் திறந்து, ரைட் செயற்கூறை அழைத்தால் முடிந்தது. கொடுக்கும் மதிப்பு சரமாக இருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் ஏற்காது. ஆனால் கோப்பு திரும்ப எழுதப்படும்போது என்னென்ன தொலைகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

முதலில் தொலைவது குறிப்புரை. கான்ஃபிக்பார்சர் குறிப்புரைகளைப் படிக்கும்போதே உதறிவிடுகிறது. எனவே திரும்ப எழுதும் கோப்பில் அவை இருக்கா. மேலே காட்டிய நூலகக் கோப்பில், எழுத்தளவை 12-க்குக் கீழே ஏன் குறைக்கக் கூடாது என்று யாரோ பட்டறிந்து எழுதிய வரி, நிரல் கடன் நாட்களை 14-இலிருந்து 21 ஆக்கிச் சேமித்த அந்த நொடியில் மறைந்துவிடும். எண்களெல்லாம் சரியாக இருப்பதால் யாருக்கும் உடனே தெரியாது.

அடுத்தது சாவிகளின் வடிவம். ஆங்கிலச் சாவிகளை எல்லாம் இந்த மாட்யூல் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாததால் தமிழ்ச் சாவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு மென்பொருள் படிக்க வேண்டிய கோப்பில் இது கேடு விளைவிக்கும். லினக்ஸ் பணிச்சூழல்களில் ஒவ்வொரு செயலிக்கும் உள்ள டெஸ்க்டாப் கோப்பு நல்ல எடுத்துக்காட்டு. செயலியின் பெயரைத் தமிழில் காட்டுவதற்கான வரியும் இதில்தான் இடம்பெறும். இதன் சாவிகள் பெரிய எழுத்தில் தொடங்குபவை. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடும் அங்கே முக்கியம். கான்ஃபிக்பார்சர் வழியாகத் திரும்ப எழுதினால் பணிச்சூழல் அந்தச் சாவிகளை அடையாளம் காணாது. ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் என்னும் பண்பில் எஸ்டிஆர் செயற்கூறை வைத்தால் சாவிகள் உள்ளபடியே நிற்கும்.

அதே டெஸ்க்டாப் கோப்பில் இன்னொரு பொறியும் உண்டு. செயலியை இயக்கும் கட்டளை வரியில் % குறி அடிக்கடி வரும். கான்ஃபிக்பார்சருக்கோ % என்பது, ஒரு மதிப்புக்குள் வேறொரு சாவியின் மதிப்பைக் கொண்டுவரும் குறி. கடவுச்சொல்லில் % இருந்தாலும் இதே கதைதான். இரண்டு % இட்டு எழுதலாம். அல்லது பொருளை உருவாக்கும்போதே இன்டர்போலேஷன் வசதியை நன் என்று தந்து அணைத்துவிடலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் அணைத்து வைப்பதே மேல்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, கோப்பே போய்விடுவது. எழுதும் முறையில் கோப்பைத் திறந்த கணமே அதன் பழைய உள்ளடக்கம் அழிக்கப்படுகிறது. அதன்பின் மின்சாரம் நின்றாலோ, வட்டில் இடமில்லாமல் போனாலோ, பாதிக் கோப்புதான் மிஞ்சும். குறிமுறையைச் சொல்லாமல் விண்டோஸில் தமிழ் எழுத முயன்றாலும் இப்படியே. [நூலகம்] என்ற முதல் வரியிலேயே பிழை எழுந்து, 0 பைட்டுக் கோப்பு எஞ்சும். இதைத் தவிர்க்க, அதே அடைவில் தற்காலிகமாக வேறு பெயரில் ஒரு கோப்பை எழுதி முடித்து மூடிவிட்டு, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் செயற்கூறால் அதைப் பழைய கோப்பின் இடத்தில் வைக்க வேண்டும். எழுதும்போது நடுவில் எது தவறினாலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். நான்கைந்து வரி கூடுதலாக எழுதுவதற்கு இது தகும்.

மாற்று வழிகள்

மனிதர் திருத்தும் கோப்பை நிரல் படிக்க மட்டும் செய்வது இன்னும் தெளிவான ஏற்பாடு. சாளரத்தின் அளவு, கடைசியாகத் திறந்த நூல் போன்று நிரல் தானாக நினைவில் வைக்க வேண்டியவை வேறொரு கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்புக்கு ஜேசன் வடிவம் பொருந்தும். ஜேசனில் குறிப்புரை எழுதவே இடமில்லை என்பதால், அங்கே இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

பைத்தான் 3.11 பதிப்பில் 2022-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட டாம்லிப் மாட்யூல் இதே பாதையில் செல்கிறது. டாமில் வடிவக் கோப்புகளை அது படிக்கும், ஆனால் எழுதாது. அந்த வடிவத்தில் எண், சரம், நாள், பட்டியல் ஆகியவை தத்தம் வகையோடே வருவதால் கெட்இன்ட் போன்றவற்றுக்குத் தேவையில்லை. குறிப்புரையும் வரியமைப்பும் கெடாமல் நிரலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், டாமில் கோப்புகளுக்கு டாம்ல்கிட், ஐஎன்ஐ போன்ற கோப்புகளுக்கு கான்ஃபிக்ஆப்ஜ் ஆகிய வெளி நூலகங்கள் உள்ளன. இவற்றைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.