புதுக் காரின் முதல் மைலேஜ் கணக்கு

கார் விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, அந்த எண் எந்தச் சாலையிலும் ஓட்டிப் பார்த்து எடுத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் கார் நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரங்கள் மட்டும் உருளைகளின் மேல் சுழலும். ஏறத்தாழ இருபது நிமிட ஓட்டம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏசி ஓடாது. பெட்ரோலை லிட்டரில் அளப்பதும் இல்லை. புகைக்குழாய் வழியே வரும் வாயுக்களைச் சேகரித்து, அவற்றில் உள்ள கார்பனை வைத்து எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். இத்தகைய சோதனைக்கான மத்திய அரசு மையம் ஒன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திலேயே இருக்கிறது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் நன்றாக உதவும். காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில், பெருநகர் வழியாகத் தினமும் போய்வருபவர் தன் மைலேஜைத் தானே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஷோரூமைவிட்டு வெளியே வரும் புதுக் காரில் சில லிட்டர்தான் இருக்கும். நேராகப் பங்குக்குப் போய் டேங்க் ஃபுல் செய்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவோம். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்போம். முறை சரியானதே. சிக்கல், ‘ஃபுல்’ என்பதில் இருக்கிறது. பெட்ரோல் போடும் குழாயின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. எரிபொருளோ நுரையோ அதை அடைத்ததும் உள்ளே அழுத்தம் மாறி, குழாய் தானே நின்றுவிடும். பங்கின் தரை சாய்ந்திருந்தாலும், வேகமாக அடித்து நுரை பொங்கினாலும் அது முன்பின்னாக நிற்கும்.

இந்த வித்தியாசம் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 540 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 18. அதே கார் 28.5 லிட்டரில் நின்றால் 18.9, 31.5 லிட்டர் வாங்கினால் 17.1. காரில் எந்த மாற்றமும் இல்லாமலே வீட்டில் ஒரு சண்டைக்குப் போதுமான இடைவெளி! ஐந்து முறை நிரப்பி மொத்தமாகக் கணக்கிட்டால் இடையில் நேர்ந்த பிழைகள் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு முறை குறைவாகப் போனது அடுத்த முறை கூடுதலாகப் பிடிக்கும் அல்லவா? மிஞ்சுவது முதல் நிரப்பலுக்கும் கடைசி நிரப்பலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. 150 லிட்டரில் ஒன்றரை லிட்டர், அதாவது ஒரு சதவீதம். அதனால் முதல் டேங்க் மைலேஜை யாரிடமும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இன்ஜினும் அப்போது புதிது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு உராய்ந்து படிந்த பிறகே உராய்வு குறையும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்று கையேடுகள் சொல்வது இதனால்தான்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. புதுக் கார்களில் இழப்பு அதைவிடக் குறைவு.

இவற்றையெல்லாம்விட நம் ஊர்ச் சாலைகளில் பெட்ரோலைக் குடிப்பது பிரேக். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வேகத்தடைக்காக 20க்கு இறங்கினால் ஏறத்தாழ 150 கிலோஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகிவிடும். ஒரு லிட்டர் எரிபொருளில் 30 மெகாஜூல் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்துசேர்வது கால் பங்குதான். ஆகவே மறுபடி பழைய வேகத்தைப் பிடிக்க மட்டும் 20 மில்லி வேண்டும். ஐம்பது முறை இப்படி மிதித்தால் ஒரு லிட்டர். பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகத்தடை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அது தெரிந்ததுமே, தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால் அந்த 20 மில்லியில் பெரும்பகுதி மிச்சம்.

அப்போது பலர் நியூட்ரலில் போடுகிறார்கள். மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இன்ஜினில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில் உருளும் காருக்கோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவை. வேகத்தைக் குறைப்பதில் இன்ஜின் தரும் துணையும் போய்விடும், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.