பன் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் பிரிண்டர்

அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் முடிந்து கூட்டம் கலையும்போது, பஸ் ஏறப் போகிறவர்கள் கடைத்தெருவில் பன், பிரெட், ரஸ்க் என்று கையில் கிடைப்பதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பாக்கெட் பிரிக்கப்படுவது மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வேறொரு ஊரில். “இது என்றைக்குச் செய்தது? முட்டை போட்டிருக்கிறதா?” என்று கேட்க அங்கே கடைக்காரர் இல்லை. பதில் சொல்ல வேண்டியது பாக்கெட்டில் ஒட்டிய லேபிள்தான். சூப்பர் மார்க்கெட்டின் பேக்கரிப் பிரிவுக்கு லேபிள் அடிக்கும் மிஷின் வாங்குகிறவர், கடைசித் துண்டு தின்னும் வரை எழுத்து அழியாமல் இருக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலை அதற்குப் பிறகுதான்.

அடைத்து அலமாரியில் வைத்த பாக்கெட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவில் மிகுந்தது முதலாக, ஊட்டச்சத்து விவரம், தயாரித்தவர் முகவரி, 14 இலக்க உரிம எண், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற குறிப்பு. வரிகள் அனைத்தும் சேர்ந்த அதிகபட்ச விலையும் வேண்டும். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, சோயா போல ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் தனியே சொல்ல வேண்டும். பேக்கரியில் இவற்றில் ஒன்றாவது இல்லாத பண்டம் அரிது. இத்தனையையும் 50 மில்லிமீட்டருக்கு 25 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் அடக்கப் பார்த்தால் யாராலும் படிக்க முடியாது. அதனால் 4 அங்குல அகலம் வரை அடிக்கும் பிரிண்டரை வாங்கி, பாக்கெட்டுக்கு ஏற்ற ரோலைப் போட்டுக்கொள்வது நல்லது.

மிஷின்களில் இரண்டு வகை. ஒன்றுக்கு மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. காகிதத்தின் மேல் பூச்சில் நிறமற்ற சாயமும் அதை நிறமேற்றும் இன்னொரு பொருளும் கலந்திருக்கும். பிரிண்டரின் தலையில் உள்ள நுண்ணிய சூடேற்றும் புள்ளிகள் பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுக்கும். கடை பில் அடிப்பதும் இப்படித்தான். சட்டைப் பையில் வைத்த பில் சில மாதத்தில் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறையை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் ஆகியவை எழுத்தை மங்கச் செய்யும். அடுப்புச் சூடு நேராகப் பட்டால் லேபிள் முழுவதும் கறுத்துவிடும். இன்னொரு வகையில் ரிப்பனில் உள்ள மையை அதே சூடான தலை உருக்கி லேபிளில் ஒட்டவைக்கிறது. மெழுகு ரிப்பன் மலிவு. ஆனால் வெண்ணெய் பிஸ்கட் எடுத்த விரல் பட்டால் தீற்றும். மெழுகும் பிசினும் கலந்த ரிப்பன் கொஞ்சம் விலை கூடினாலும் தாங்கும்.

அன்றாடம் விற்றுத் தீரும் பன்னுக்கும் பிரெட்டுக்கும் ரிப்பன் இல்லாத வகை போதும். மேற்பூச்சு உள்ள நல்ல காகிதமாக வாங்க வேண்டும். வாரக்கணக்கில் இருக்கும் ரஸ்க், பிஸ்கட், எண்ணெய் கசியும் மிக்சர், குளிர்பெட்டியில் வியர்க்கும் கேக் இவற்றுக்கு ரிப்பன் வேண்டும். ரிப்பன் போட்டும் போடாமலும் ஓடும் பிரிண்டர்கள் கிடைக்கின்றன. இரண்டு வகைப் பண்டமும் விற்கும் கடைக்கு அதுவே பொருந்தும். மைதாத் தூள் பறக்கும் இடத்தில் மிஷினை வைக்கக் கூடாது. தலையில் தூள் படிந்தால் எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழும். ரோல் மாற்றும்போதெல்லாம் மிஷினை நிறுத்தி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடைத்தால் அது நீண்ட நாள் உழைக்கும்.

இனி மேல்மலையனூர்க் கடைக்கு மிக முக்கியமான விஷயம். அமாவாசையன்று முட்டையைத் தொடாத வீடுகள் ஏராளம். சைவப் பொருளுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முக்கோணம் 2020 விதிகளில் வந்தது, அதற்கு முன் அதுவும் வட்டமே. முட்டை சேர்த்த கேக்குக்கும் பழுப்புக் குறிதான். கடைகளில் வழக்கமாக இருக்கும் பிரிண்டர் கறுப்பை மட்டுமே அடிக்கும். அதனால் பச்சைக் குறி, கடைப் பெயர், உரிம எண் எல்லாம் அச்சகத்திலேயே அடித்த ஒரு ரோலும், பழுப்புக் குறி அடித்த இன்னொரு ரோலும் தேவை. அவசரத்தில் ரோல் மாறிவிட்டால் விரதம் இருக்கிறவர் கையில் முட்டை கேக் போய்ச் சேரும். இரண்டு ரோலுக்கும் இரண்டு பிரிண்டர் வைப்பதே பாதுகாப்பு. செலவு கூடும்தான், ஆனாலும் நான் அதையே சொல்வேன். மாட்டிய ரோலை மாற்றவே தேவையில்லாதபோது இந்தத் தவறுக்கு வழி குறைவு.

அடுத்தது தமிழ். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. மற்ற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடை இல்லை. தடை இல்லை என்ற இடத்தில் தமிழைச் சேர்ப்பதே வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துரு மட்டும். தமிழை அப்படியே அனுப்பினால் கட்டங்களோ, கொம்பும் காலும் இடம் மாறிய எழுத்துகளோ வரும். கணினியிலேயே லேபிளை வடிவமைத்து, படமாக மாற்றி அனுப்பும் மென்பொருள் இருந்தால் சிக்கல் தீரும். எத்தனை புள்ளிகளில் அடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு 8. அதில் 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 16 புள்ளிதான். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிவிடும், ‘ளு’ கறுப்புக் கட்டியாகும். 300 புள்ளி பிரிண்டரில் அதே எழுத்துக்குச் சுமார் 24 புள்ளி கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற கடைக்கு 203 சரி. தமிழில் சேர்மானம் எழுத வேண்டுமென்றால் 300 வாங்குங்கள்.

கேக்கையும் மிக்சரையும் எடை போட்டு விற்கும் இடத்தில் தராசும் பிரிண்டரும் ஒன்றான மிஷின் உதவும். எடை மாறும் பாக்கெட்டுகளுக்கு, 2 என்ற எண்ணில் தொடங்கும் 13 இலக்க பார்கோடு கடையின் சொந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான ஓர் அமைப்பில் முதல் 2 இலக்கம் முன்னொட்டு, அடுத்த 5 பொருளின் எண், அடுத்த 5 விலை அல்லது எடை, கடைசி இலக்கம் சரிபார்ப்பு. அந்தக் கடைசி இலக்கம் முன்னே உள்ள 12 இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஒரு இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டாலும் ஸ்கேனர் ஏற்காது. தராசு என்பதால் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

தேதியைக் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பன்னுக்கு இத்தனை நாள், ரஸ்க்குக்கு இத்தனை நாள் என்று ஒருமுறை பதிந்துவைத்தால், தயாரித்த நாளிலிருந்து கணக்கிட்டு மிஷினே அடிக்கும். கணினி இல்லாமல் தனியாக ஓடும் பிரிண்டராக இருந்தால், கரண்ட் போனாலும் கடிகாரம் ஓட உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் ஏதோ ஒரு பழைய தேதியை அடித்துத் தள்ளும். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ணலாம் என்பதை எழுதிவைக்க வேண்டும். 1 அக்டோபர் 2020 முதல் அது விதி. தட்டு அட்டையையும் இதே பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர் காட்டும் மாதிரி லேபிளை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் கடையின் சொந்த கவரை எடுத்துப் போய் அதன்மேல் அடித்து ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றை ஓர் இரவு அடுப்பறையில் வையுங்கள், ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வியர்க்க விடுங்கள், ஒன்றில் வெண்ணெய் தடவுங்கள். மறுநாள் மூன்றையும் கண்ணாடி போடும் வயதில் உள்ள ஒருவரிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.