ஸ்கேனுக்கும் அளவு உண்டு!

‘‘டாக்டரய்யா, சி.டி. ஸ்கேன் எடுத்தா கேன்சர் வந்துடுமாமே?’’

நாடி பார்க்க வருகிறவர்களில் பலர், கையில் ஸ்கேன் கவரோடு மனசில் இந்தக் கேள்வியையும் சுமந்துதான் வருகிறார்கள். சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பற்பமோ செந்தூரமோ, எங்கள் மருந்தில் அளவுதான் முக்கியம். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் பலனில்லை. ஸ்கேன் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சி.டி. ஸ்கேனில் பயன்படுவது எக்ஸ்ரே கதிர்தான். உடம்பைச் சுற்றிச் சுழன்றபடி பல கோணங்களில் கதிரைப் பாய்ச்சி, கம்ப்யூட்டர் மூலம் குறுக்குவெட்டுப் படமாக்குகிறார்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை இப்படிப் படம் பிடித்தார்கள். இந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கதிரின் அளவை ‘மில்லி சீவர்ட்’ என்று சொல்வார்கள். மண், காற்று, ஆகாயம் என்று இயற்கையிலிருந்தே வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் நம் உடம்பில் படுகிறது. தலை ஸ்கேனுக்கு ஏறத்தாழ 2, வயிற்று ஸ்கேனுக்குச் சுமார் 8 முதல் 10. ஒரு ஸ்கேனால் வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அடிக்கடி எடுத்தால் அது சேர்ந்துகொண்டே போகும். வளரும் உடம்பு என்பதால் குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

‘அப்படீன்னா கதிரை ரொம்பக் குறைச்சுட வேண்டியதுதானே?’ என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கதிரைப் பாதியாக்கினால், படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் கலங்கல் சுமார் 1.4 மடங்கு கூடும். அந்தி வெளிச்சத்தில் எடுத்த போட்டோ மாதிரி! ஒரு சின்னக் கட்டி கண்ணுக்குத் தப்பிவிட்டால், பட்ட கதிரும் வீண்தானே?

இதற்கு நல்ல வழிகள் வந்திருக்கின்றன. உடம்பின் பருமனுக்கேற்ப, கனமான இடத்தில் கதிரைக் கூட்டி, மெலிந்த இடத்தில் தானாகவே குறைத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. கலங்கலான படத்தைக் கம்ப்யூட்டரே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுத் தெளிய வைக்கும் முறையும் இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். சிறுநீரகக் கல் பளிச்சென்று தெரியும். படம் கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை. அதிகப் பருமன் இல்லாதவர்களுக்கு 3 மில்லி சீவர்ட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம்.

பெரியவர்களுக்கான அளவையே குழந்தைகளுக்கும் வைப்பதாக 2001-ல் அமெரிக்காவில் பெரிய சர்ச்சை எழுந்தது. குழந்தைக்கேற்ற அளவு வேண்டும் என்று 2008-ல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற பிரசார இயக்கமே தொடங்கினார்கள்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன?

* ‘அல்ட்ரா சவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அவற்றில் எக்ஸ்ரே கிடையாது.

* பழைய ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்தி, கையோடு கொண்டுபோங்கள். எடுத்ததையே மறுபடி எடுப்பதைத் தவிர்க்கலாம்.

* குழந்தைக்கு என்றால், ‘குழந்தைக்கான அளவு வெச்சிருக்கீங்களா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

* கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* ஸ்கேன் எடுக்கும்போது சொன்னபடி மூச்சை அடக்கி, அசையாமல் படுங்கள். அசைந்து படம் கெட்டால், மறுபடியும் கதிர்!

கடைசியாக ஒன்று. தலையில் பலமாக அடிபட்டவர் மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மில்லி சீவர்ட் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நேரத்தில் கஷாயம் கேட்டு என்னிடமும் வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் ஸ்கேன் வேண்டும் என்றால் உடனே எடுங்கள். மூளைக்குள் ரத்தம் கசிகிறதா என்று சட்டென்று காட்டி உயிரைக் காப்பாற்றுவது அந்த ஸ்கேன்தான்!