சேஸ் மேல் ஏறிய கவசம்

நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கதவு இல்லை, கூரை இல்லை, பின்னால் ஒன்றுமே இல்லை. எஞ்சினும் சட்டமும் சக்கரங்களும் மட்டும். ஒற்றை சீட்டில் ஹெல்மெட் மாட்டி, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் எதிர்க்காற்றில் வருவார். கம்பெனியிலிருந்து பட்டறைக்கு வரும் சேஸ் அது. லாரி என்றால் நாமக்கல், பஸ் என்றால் கரூர், போர்வெல் ரிக் என்றால் திருச்செங்கோடு. எவனோ செய்த சேஸின் மேல் தன் பாடியைக் கட்டி அனுப்புவது கொங்கு நாட்டுக்குக் கைவந்த கலை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியா கட்டிய கவச வண்டியும் இதே முறையில்தான் உருவானது. 1940இல் டன்கர்க்கில் தளவாடங்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிய பிரிட்டனிடம் இந்தியாவுக்குக் கொடுக்கக் கவச வண்டி ஏது? இங்குள்ள குதிரைப் படைகளோ அப்போதுதான் குதிரையை விட்டு இறங்கி ஸ்டியரிங் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தன. ஆகவே கனடாவின் ஃபோர்டு கம்பெனியிலிருந்து நாலு சக்கரமும் இழுக்கும் சேஸ் கப்பலில் வந்தது. கவசத் தகடு ஜாம்ஷெட்பூரில் டாடா உருக்கிய எஃகு. இரண்டையும் சேர்த்தது ரயில்வே பட்டறை. ராணுவக் காகிதத்தில் ‘ஆர்மர்டு கேரியர் வீல்டு, இந்தியன் பேட்டர்ன்’ என்று நீளமாக ஒரு பெயர், புழக்கத்தில் ‘டாடாநகர்’. போர் முடிவதற்குள் 4,600க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியே வந்தன.

வண்டி ஒன்றும் பிரமாதம் இல்லை. 95 குதிரைத் திறன் கொண்ட வி-8 எஞ்சின், ஒரு பிரென் துப்பாக்கி, டாங்கியைத் துளைக்கும் என்று நம்பிய ஒரு பாய்ஸ் துப்பாக்கி. தகட்டின் கனம் அதிகபட்சம் 14 மில்லிமீட்டர். ரைஃபிள் குண்டையும் சிதறலையும் தாங்கும், டாங்கிக் குண்டு வந்தால் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அதனால் முன்னால் போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வருவதும், லாரி வரிசைக்குக் காவல் போவதுமே அதன் வேலை. அந்த வேலையை வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இந்தியப் படைகளுக்காகச் செய்தது. அவசரத்துக்குக் கட்டிய வண்டியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த நாளில் கொங்கு நாட்டில் ஆலைகள் இருந்தன, பைக்காரா மின்சாரம் இருந்தது, பம்ப் மோட்டார் செய்யும் துணிச்சல் இருந்தது. கோவையில் பிரிட்டிஷ் கடற்படை ‘கருடா’ என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் நடத்தியது. பெட்ரோல் ரேஷனால் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. ஆனால் கவச வண்டிக் கணக்கில் இந்த ஊர்களுக்கு இடமில்லை. எஃகும் ரயில்வே பட்டறையும் எங்கேயோ, வேலையும் அங்கேயே.

பிற்பாடு நடந்ததுதான் சுவாரசியம். ஜாம்ஷெட்பூரின் டாடாநகரில் இருந்த ரயில்வே பட்டறையை 1945இல் டாடா வாங்கி டெல்கோ என்ற கம்பெனியாக்கியது. 1954இல் டெய்ம்லர் பென்ஸுடன் கைகோத்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் வெளிநாட்டு சேஸை இறக்கிக் கவசம் கட்டிய அதே ஊர், அதன் பிறகு தானே சேஸ் செய்து வெளியூருக்கு அனுப்பியது. டாடா சேஸும் லேலண்ட் சேஸும் வந்து வந்துதான் நாமக்கல் பட்டறைகள் தழைத்தன.

இன்றைக்குக் கோவையும் சேலமும் ஒசூரும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் மூன்று. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த திட்டம் அது. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா பாதுகாப்புத் துறைக்கென்றே ஒரு தொழில் வளர்ப்பு மையம் நடத்துகிறது. வண்டிகளும் மாறிவிட்டன. லாக்ஹீட் மார்ட்டின் வடிவமைப்பைத் தழுவி அசோக் லேலண்ட் செய்த இலகு ரக குண்டு துளைக்காத வண்டி 2021இல் விமானப்படைக்குப் போனது. அதே ஆண்டு 1,300 இலகு ரகப் போர்வண்டிகளுக்கு 1,056 கோடி ரூபாயில் மகிந்திராவுக்கு ஆர்டர் கிடைத்தது. கண்ணிவெடியைச் சமாளிக்கும் இன்றைய வண்டிகள் பலவற்றில் தனிச் சட்டமே கிடையாது. பாடியே சட்டம், அடிப்பாகம் ‘வி’ வடிவம். வந்த சேஸில் பெட்டியைத் தூக்கி வைக்கும் பழைய சூத்திரம் அங்கே செல்லாது.

சாதா லாரியிலும் அதே கதைதான். கேபின் இப்போது பெரும்பாலும் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். பட்டறைக்கு மிஞ்சுவது பின்னால் உள்ள தொட்டி மட்டும்.

அப்படியானால் நாமக்கல் வெல்டருக்குக் கவச வேலை வராதா? கை இருக்கிறது, ஆனால் கவச எஃகு தகரம் அல்ல. பற்றவைக்கும் சூடு ஏறிய இடத்தில் தகட்டின் கடினம் குறையும், ஈரம் ஏறிய ராடு போட்டால் இரண்டு நாள் கழித்து விரிசல் விடும். ராடைச் சுட்டு உலர்த்த வேண்டும், தகட்டைச் சூடாக்கிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு இணைப்பையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. வழித்தடம் என்று பெயர் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கோவையின் சிறு பம்ப் உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு ஆய்வகம் கட்டவில்லை. சிட்டார்க் என்ற பொதுச் சோதனைக்கூடத்தில்தான் பம்பைக் கொண்டுபோய்ச் சான்று வாங்குகிறார்கள். வெல்டிங்குக்கு அப்படி ஒன்று நாமக்கல், கரூர் பக்கம் வந்தால் ஆர்டர் கேட்கப் போகிற பட்டறைக்காரர் கையில் காட்ட ஒரு சான்றிதழாவது இருக்கும்.