குறைந்த கட்டில்கள், கூடிய வருமானம்

கூட்டம் சேர்ந்தால்தான் வியாபாரம் என்பது எமது வியாபாரிகள் பலரின் எண்ணம். கூட்டத்தைக் குறைத்தே காசு உழைக்கும் ஒரு தொழிலை ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் கண்டேன். இவ்வாரம் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கோலா மேட்டு நிலங்களில் பெய்யும் மழை ஒகவாங்கோ ஆறாக ஓடி, நமீபியாவைக் கடந்து பொட்ஸ்வானாவுக்குள் வருகிறது. இந்த ஆறு கடலைச் சேர்வதில்லை. கலஹாரி மணலில் விரிந்து பெரும் சதுப்பு நிலமாகிவிடுகிறது. வெள்ளம் வந்து சேரப் பல மாதங்கள் செல்வதால், உள்ளூரில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அங்கே நீர் அதிகம். சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கும்போது யானையும் எருமையும் சிங்கமும் நீரைத் தேடி வரும். லொட்ஜ்காரர்களுக்கு அதுவே நல்ல பருவம். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 1000ஆவது இடமாக இது சேர்க்கப்பட்டது.

ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து மவுன் நகருக்கு விமானம் உண்டு. அங்கிருந்து சிறு விமானத்தில் போய் மண் ஓடுபாதையில் இறங்கினோம். நான் இரண்டு இரவு தங்கிய லொட்ஜில் எட்டே எட்டுக் கூடாரங்கள், அவையும் மரத் தட்டுகளின் மேல். கொங்கிரீட் இல்லை, வேலி இல்லை. மின்சாரம் சூரிய ஒளியில். இருட்டிய பின் துணையின்றி நடக்க விடமாட்டார்கள். முன்கூட்டியே அறிவித்திருந்ததால் மீனும் மரக்கறியும் தனியாகச் சமைத்துத் தந்தார்கள். கிப்லா வடக்கிலிருந்து சற்றுக் கிழக்காக. காலையில் மொக்கோரோ என்னும் ஒடுங்கிய ஓடத்தில் நாணல்களுக்கிடையே கூட்டிச் சென்றார்கள். முன்பு பெருமரங்களைக் குடைந்து செய்த இவ்வோடங்களை, மரங்களைக் காப்பதற்காக இப்போது பெரும்பாலும் பைபர்கிளாஸில் செய்கிறார்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். நல்ல பருவத்தில் ஒருவருக்கு ஒரு இரவுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் அறவிடும் லொட்ஜ்கள் அங்கே பல. "இன்னும் நான்கு கூடாரம் போட்டால் என்ன?" என்று முகாமையாளரிடம் கேட்டேன். "கட்டில் எண்ணிக்கைக்கு வரையறை உண்டு. வரையறை இல்லாவிட்டாலும் போடமாட்டோம். இங்கே நாங்கள் விற்பது அமைதியைத்தான்" என்றார். குறைந்த ஆட்கள், கூடிய பெறுமதி என்பதை 1990ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு சுற்றுலாக் கொள்கையாக்கிவிட்டது. ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசை கட்டும் எமது யாலவை நினைத்தபோது மனம் கனத்தது.

செலவும் சும்மா இல்லை. தக்காளி முதல் டீசல் வரை மவுனிலிருந்து வரவேண்டும். விருந்தினரை விடப் பணியாளர் அதிகம். அநேகர் அயல் கிராமத்தவர். 2020இல் கொவிட் காரணமாக எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டவரை மட்டும் நம்பிய இந்தத் தொழில் அப்படியே முடங்கியது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பும் எவருக்கும் இது எச்சரிக்கை.

இன்னொன்றும் உண்டு. இவர்களுடைய உண்மையான முதல் கூடாரமல்ல, தண்ணீர். அது பிறப்பதோ இன்னொரு நாட்டில். அதனால்தான் மூன்று நாடுகளும் 1994இல் கூடி ஒரு நதி ஆணைக்குழுவை அமைத்தன. மேலே தண்ணீரை மறித்தால் கீழே கடையை மூட வேண்டியதுதான்.

சகோதரர்களே, உங்கள் கடையின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம்பிக்கையா, தரமா, நல்ல பெயரா? கூட்டத்தை நாடி அதை விற்றுவிடாதீர்கள். பரகத் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.