வாளின் வயதைச் சொல்லும் தோல்

ஐரோப்பாவில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வீரர்கள் இரு கைகளாலும் பற்றி வீசிய நெடுவாள்கள் இன்று ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. அவற்றின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. அந்த வயதைச் சொல்பவரோ பெரும்பாலும் விற்பவர்தான். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமற்ற சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் விளக்கினார். பழைய வாள்களின் சந்தைக்கும் அது பொருந்தும்.

சேகரிப்போர் முதலில் தேடுவது வாளின் அலகில் உள்ள முத்திரையை. ஜெர்மனியின் பாசாவ் நகரக் கொல்லர்கள் ஓடும் ஓநாயின் உருவத்தைப் பொறித்தார்கள். அதற்கிருந்த மதிப்பைக் கண்டு சோலிங்கன் நகரத்தாரும் அதையே பொறித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டிலோ, மாளிகைச் சுவர்களை அலங்கரிப்பதற்காகவே பழைய பாணி வாள்கள் புதிதாகச் செய்யப்பட்டன. ஆகவே, முத்திரையை மட்டும் நம்பி விலை பேச முடியாது.

இந்த இடத்தில்தான் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தொழிலறிவு உதவுகிறது. இருகை வாளின் பிடியிலும், பல வாள்களில் குறுக்குக்கட்டையை அடுத்த கூரற்ற பகுதியிலும் தோல் சுற்றப்பட்டிருக்கும். அக்காலத் தோல் மரப்பட்டைச் சாறு, படிகாரம் முதலியவற்றால் பதனிடப்பட்டது. ஐரோப்பாவில் ஓக் பட்டை. நம் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகே தொழிலாகப் பரவியது. சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அதை முயன்று பார்த்தார்.

இரண்டையும் பிரித்தறிவது தோல் தொழிலில் அன்றாடப் பாடம். சாயமிடாத குரோமியத் தோலின் வெட்டுவாய் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். நன்கு பதனிட்டது கொதிநீரிலும் சுருங்காது. பட்டைத் தோல் சுருங்கிவிடும். அதன்மீது இரும்பு உப்புக் கரைசல் பட்டால் கறுத்துப்போகும். பழம்பொருளைச் சிதைக்காமல் எக்ஸ் கதிர்க் கருவியாலும் குரோமியத்தைக் கண்டறியலாம். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து மாற்றமின்றி வந்ததாகச் சொல்லப்படும் பிடியில் குரோமியத் தோல் இருந்தால், அந்தக் கூற்று அங்கேயே உடைந்துவிடும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தேய்ந்த தோலைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். அப்போதும் அலகு பழையதாக இருக்கக்கூடும். பட்டைத் தோல் இன்றும் கிடைப்பதால், அது மட்டுமே பழமைக்குச் சான்றாகிவிடாது.

இது ஐரோப்பியரின் கவலை மட்டுமன்று. கடல்வழி வந்த ஐரோப்பிய அலகுகளுக்கு இந்தியப் பிடி பொருத்திச் செய்த 'பிரங்கி' வாள்கள் தென்னகத்திலும் புழங்கின. தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டில் 1860-களில் கலைக்கப்பட்டபோது ஒரு பகுதி ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஏராளமானவை பழைய இரும்பாக அழிந்தன. எஞ்சியவற்றின் பிடியும் உறையும்கூட வரலாற்று ஆவணங்களே.

நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வயதை அறியாமல் அச்சட்டத்தை எப்படிச் செயல்படுத்துவது? அருங்காட்சியகங்கள் தம் ஆயுதங்களின் தோல் பகுதிகளைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் ஆய்ந்து, முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஆவாரம்பட்டைத் தோலைத் தொட்டே அறியும் ஆம்பூர் முதியவர்களையும் அப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.